ஹெட் கேஸ்கெட் போனால் மாற்ற வேண்டியது கேஸ்கெட் மட்டுமல்ல

வண்டி சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார்" என்கிறார், கூடவே ஒரு தொகையும் சொல்கிறார். அதில் கேஸ்கெட் என்ற அந்த மெல்லிய தகட்டின் விலை சொற்பம், மீதியெல்லாம் கழற்றி மாட்டும் கூலியும் லேத் வேலையும்தான். நாமே செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. மாருதி 800 மாதிரி எளிய எஞ்சின் என்றால், கருவியும் பொறுமையும் இருந்தால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்தத் தகடு அங்கே எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று புரியாமல் செய்தால் சீக்கிரமே மறுபடி ஸ்பானரைத் தூக்க வேண்டியிருக்கும்.

எஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக், அதை மேலே மூடுவது ஹெட். நடுவில் படுத்திருக்கும் கேஸ்கெட்டுக்கு ஒரே வேலைதான்: எரியும் வாயு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் மூன்றும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. மாருதி 800இன் 796 சிசி எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 68.5 மி.மீ. விட்டம். பெட்ரோல் பற்றி எரியும்போது உள்ளே அழுத்தம் 50 பார் வரை (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டரே ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 1.9 டன். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 தடவை இப்படித் தள்ளுகிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் கூலன்டின் அழுத்தமோ சுமார் 1 பார்தான்.

இவ்வளவையும் ஒரு மெல்லிய தகடு தாங்குகிறதா என்றால், இல்லை, தாங்குவது போல்ட்டுகள். முறுக்கும்போது ஹெட் போல்ட் ரப்பர் பேண்டு போல இழுபடுகிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத எஃகு போல்ட் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசையால்தான் ஹெட் பிளாக்கோடு அழுந்திக் கிடக்கிறது. 10 மி.மீ. போல்ட் ஒன்றே இரண்டு மூன்று டன் விசையில் பிடிக்கும்.

இனி சூடேறினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஹெட் அலுமினியத்தால் ஆனது, அலுமினியம் ஏறக்குறைய இரும்பைப் போல இரண்டு மடங்கு விரிவடையும். கூலன்ட் இல்லாமல் ஓடிய எஞ்சினில் ஹெட் கண்டபடி விரிகிறது, எஃகு போல்ட் அந்த அளவுக்கு நீளாது, நடுவில் மாட்டிய கேஸ்கெட் அளவுக்கு மீறி நசுங்குகிறது. ஆறிய பிறகு பழைய பிடி இருப்பதில்லை, ஹெட்டும் லேசாக வளைந்திருக்கும். ஆக, கேஸ்கெட் பெரும்பாலும் அடிவாங்கிய ஆள்தான், அடித்த ஆள் ரேடியேட்டர் பக்கம் இருக்கிறார்: ஓடாத ஃபேன், திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு), அடைத்துக்கொண்ட ரேடியேட்டர்.

கழற்றும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒழுகாமலே கூலன்ட் குறைவது, சூடான பிறகும் சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி எல்லாம் அறிகுறிகள். ஆயில் மூடியின் உள்ளே காபி நிறக் குழம்பு இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். நம்பகமான சோதனை, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது மஞ்சளாகிவிடும்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், டைமிங் குறிகளை (வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்துப்போகும் நிலையைக் காட்டும் அடையாளங்கள்) சேர்த்துவைத்துவிட்டு டைமிங் பெல்ட்டை எடுக்க வேண்டும், ஒவ்வொரு ஹோஸையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

நேரம் எல்லாம் போவது சுத்தம் செய்வதில்தான், போகவும் வேண்டும். பழைய கேஸ்கெட் ஒட்டியிருப்பதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கிரைண்டரில் தேய்ப்புச் சக்கரம் மாட்டி நிமிடத்தில் பளபளப்பாக்கிவிடலாம்தான், ஆனால் உதிரும் துகள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும், அலுமினியமும் பள்ளமாகும். பிறகு நேரான எஃகு அளவுகோலை ஹெட் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பல எஞ்சின்களுக்கு வரம்பு 0.05 மி.மீ., தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் லேத்துக்குக் கொடுத்து ஃபேஸிங் செய்தே (பரப்பைச் சீவிச் சமமாக்கியே) ஆக வேண்டும், புதுக் கேஸ்கெட் அதைச் சரிக்கட்டும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து முறுக்குவது. டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பேன். நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ 90 சதவீதம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடுகிறது, போல்ட்டை இழுப்பது மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான். மரையில் கொஞ்சம் துருவோ அழுக்கோ இருந்தால் அந்தப் பத்திலும் பாதி காணாமல் போகும், ரெஞ்ச் என்னவோ சரியான அளவில் 'டிக்' என்றுதான் சொல்லும். அதனால் மரையைத் துடைத்து, மேனுவல் ஆயில் தடவச் சொல்லியிருந்தால் இரண்டு சொட்டு மட்டும் தடவுங்கள். பிளாக்கில் போல்ட் இறங்கும் அடி மூடிய துளையில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தி பிளாக்கையே பிளந்துவிடலாம். நடுவில் தொடங்கி வெளிநோக்கி, மேனுவல் சொன்ன வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக முறுக்குங்கள். இத்தனை டிகிரி கூடுதலாகத் திருப்பு என்று மேனுவலில் இருந்தால் அந்தப் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு தடவை நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பாத ரகம், புதிதாக வாங்கிவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பின் புது ஆயில், ஃபில்டர், கூலன்ட். ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தே ஸ்டார்ட் செய்து, காற்று வெளியேற வெளியேற நிரப்புங்கள். வண்டியை நிறுத்திவைத்தபடியே ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா என்று இரண்டு தடவையாவது பார்த்த பிறகு ரோட்டுக்கு எடுங்கள். ஃபேன் ஓடவில்லை என்றால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்விட்சையும் ஃபியூஸையும் பாருங்கள்.