பில்டு லாக் எவ்வளவு பேச வேண்டும்?

மதுரை இலந்தைக்குளம் எல்காட் பக்கம் மென்பொருள் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இந்த ஸ்க்ரீன்ஷாட் பழக்கமானது. கருப்புத் திரை, கடைசி வரியில் ‘எரர் 2’. கூடவே, “அண்ணே, பில்டு ஆக மாட்டேங்குது, என்னன்னு பாருங்கண்ணே.”

எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவதுதான் பில்டு; அப்போது திரையில் வரும் செய்திகள்தான் பில்டு லாக். அதன் கடைசி வரியில் பார்க்க ஒன்றுமே இல்லை. பில்டை நடத்தும் ‘மேக்’ என்ற கருவி தோல்வியில் முடிந்தால் 2 என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஒரு மேக் தனக்குள் இன்னொரு மேக்கை ஓட்டி, உள்ளே இருப்பது தோற்றால், வெளியே இருப்பது ‘எரர் 2’ என்று கையை விரிக்கும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சொன்ன நிஜக் காரணம் எங்கோ மேலே கிடக்கும். எட்டு கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும்போது ஒன்று தோற்றாலும், மற்ற ஏழும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவை பேசுவதெல்லாம் பிழைக்குக் கீழே வந்து விழும். ஒன்றின் செய்திக்குள் இன்னொன்றின் செய்தி கலப்பதும் உண்டு. மேக்கின் ஒரு வடிவமான குனு மேக்கின் 4.0 பதிப்பு, 2013இல் வந்தது, ஒவ்வொரு வேலையின் பேச்சையும் சேர்த்துவைத்துத் தனித்தனியாகக் கொட்டும் வசதியைத் தந்தது. கேட்டால்தான் கொடுக்கும், அது வேறு விஷயம்.

மேக்கை 1976இல் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன். ஓட்டும் கட்டளையை எல்லாம் திரையில் காட்டுவது அதன் இயல்பு. இன்று ஒரு கட்டளையே திரையில் பல வரி ஓடுகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் ஒலிபெருக்கிகள் ஓயாமல் அலற, காணாமல்போன பிள்ளையின் பெயர் காதில் விழாமலே போகும்; கம்பைலரின் எச்சரிக்கைகளுக்கும் அதே கதிதான்.

‘நிஞ்ஜா’ என்ற இன்னொரு பில்டு கருவி இதை அழகாகக் கையாள்கிறது. தன் வெளியீடு டெர்மினலுக்கு, அதாவது கட்டளைத் திரைக்கு, போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று இயங்குதளத்திடம் முதலில் கேட்டுக்கொள்கிறது. டெர்மினல் என்றால் ஒரே வரியை அழித்து அழித்து எழுதி, எத்தனை வேலை முடிந்தது என்று காட்டும். கோப்பு என்றால் வரிவரியாக எழுதும். ஏதாவது தோற்றால் மட்டும் அந்த முழுக் கட்டளையையும் கம்பைலரின் புலம்பலையும் சேர்த்து முன்னால் வைக்கும். என்னைக் கேட்டால், நம் மேசையில் ஓடும் பில்டுக்கு இதுதான் சரியான இயல்புநிலை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பில்டும் சும்மா ஓட்டினால் கோப்பின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும், கேட்டால்தான் முழுக் கட்டளையைக் காட்டும்.

சர்வரில் ஓடும் பில்டுக்கு இந்தச் சிக்கனம் ஆகாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் விதிகள், பில்டு முடிந்தவரை விரிவாகப் பேச வேண்டும் என்கின்றன. காரணம் இருக்கிறது. நம்மிடம் இல்லாத பிராசஸரில் ஒரு பொதியின் (பேக்கேஜின்) பில்டு தோற்றால், திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை, லாக்தான் ஒரே சாட்சி. பாதுகாப்புக்கான கம்பைலர் தேர்வுகள் போடப்பட்டனவா என்று லாக்கைப் படித்தே சோதிக்கும் கருவியும் அவர்களிடம் உண்டு. கோப்பின் பெயர் மட்டும் இருந்தால் அது எதைச் சோதிக்கும்?

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. கட்டளைகளை ஓட்டும் ஷெல் என்ற நிரலிடம் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னால், மாறிகளுக்குள் இருக்கும் மதிப்பையும் விரித்து எழுதிவிடும், கடவுச்சொல் உட்பட. பில்டு சேவைகள் தெரிந்த ரகசியத்தை நட்சத்திரக் குறியால் மறைக்கும். அதே ரகசியம் வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டு லாக்கில் விழுந்தால் அடையாளம் தெரியாமல் விட்டுவிடும்.