கோழிக்குஞ்சின் வாயில் பாலை ஊற்றாதீர்கள்

கால் கோணிப் பிறக்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் பல, கால் கோணலால் சாவதில்லை. வீட்டில் உள்ளவர்களின் பாசத்தால் சாகின்றன. இந்த வாரமும் ஒன்று வந்தது. துணியில் பத்திரமாகச் சுற்றியிருந்தார்கள். அலகோரத்தில் வெள்ளை நுரை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "பிறந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை டாக்டர், பாவமாக இருந்தது, சங்கில் கொஞ்சம் பால் புகட்டினேன்" என்றார் அந்த அம்மா. கால்களைப் பார்த்தேன். எளிதில் சரியாகக்கூடிய கோணல்தான். நுரையீரலுக்குள் போன பாலை வெளியே எடுக்க என்னிடம் வழியில்லை.

பொரித்த குஞ்சு முதல் இரண்டு நாள் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. முட்டையை உடைத்து வருவதற்குச் சற்று முன்பு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் அது பிறக்கிறது. அந்தக் கட்டுச்சோறு 48 முதல் 72 மணி நேரம் வரை தாங்கும். ஒருநாள் குஞ்சுகளைத் தீனி இல்லாமல் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிவது இதனால்தான். பக்கத்தில் தீனியும் தண்ணீரும் இருக்கட்டும், கொத்தினால் கொத்தட்டும். கொத்தவில்லையே என்று வாயைப் பிளக்காதீர்கள்.

கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்து கிடக்கிறது. நமக்கு இருப்பதுபோல் அதை மூடும் குரல்வளை மூடி பறவைக்குக் கிடையாது. இருமி வெளியே தள்ள உதரவிதானமும் கிடையாது. அண்ணாந்து பிடித்து ஊற்றினால் பாதி நேராக மூச்சுக்குழலுக்குள்தான் போகும். அப்படியே வயிற்றுக்குள் போனாலும் பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி அதனிடம் போதுமான அளவு இல்லை. கழிச்சல் கண்டு எச்சவாய் ஒட்டிக்கொள்ளும். "புறா தன் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறதே?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது புறாவின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் ஊறுவது. ஆவின் பாக்கெட்டில் வருவதில்லை.

தண்ணீர் கொடுக்க வேண்டுமா? அலகின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு எடுங்கள். அல்லது அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள், அதுவே தலையைத் தூக்கி விழுங்கும். அவ்வளவுதான். தண்ணீர்த் தட்டில் நான்கு கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள். கால் ஊன்றாத குஞ்சுக்கு அரை அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும்.

இனி கால். இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, தவளைபோல் கிடந்தால் பெரும்பாலும் காரணம் வழுக்கும் தரைதான். செய்தித்தாளை விரித்துக் குஞ்சு விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. சாக்கை விரியுங்கள். கால் விரிந்த குஞ்சுக்கு, ஒட்டுகிற பிளாஸ்திரியை மெல்லிய பட்டையாக வெட்டி, முழங்கணுவுக்கு (காலின் நடுவில் மடங்கும் மூட்டுக்கு) கீழே இரண்டு காலையும் இணைத்துக் கட்டுங்கள். நன்றாக உள்ள குஞ்சு எவ்வளவு அகலத்தில் கால் வைத்து நிற்கிறதோ அதே இடைவெளி இருக்கட்டும். இறுக்காதீர்கள், தினமும் அவிழ்த்துப் பாருங்கள். பொரித்த ஓரிரு நாளுக்குள் கட்டினால் சில நாளில் எழுந்து நடக்கும். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் எலும்பு அந்தக் கோணலிலேயே இறுகியிருக்கும்.

விரல்கள் உள்நோக்கி முஷ்டிபோல் மடங்கியிருந்தால் அது வேறு கதை. தாய்க்கோழியின் தீனியில் வைட்டமின் பி2 போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். குஞ்சுக்கு மருந்தோடு அட்டையில் சிறு செருப்பு வெட்டி விரல்களை நிமிர்த்தி ஒட்டலாம். கூடவே தாயையும் கவனியுங்கள். வெறும் அரிசியும் சோறும் போட்டு வளர்த்த கோழியின் முட்டையில் என்ன சத்து இருக்கும்? முழங்கணு வீங்கி, கால் ஒரு பக்கமாகத் திருகியிருந்தால் தசைநார் நழுவியிருக்கலாம். அதை வீட்டில் இழுத்துப் பார்க்காமல் அன்றே கொண்டுவாருங்கள்.

கழுத்து முறுக்கிக்கொண்ட குஞ்சு பிறந்த உடனே அப்படி இருந்தால் வைட்டமின் குறையாக இருக்க வாய்ப்புண்டு. சில நாள் நன்றாக ஓடியாடிவிட்டுப் பிறகு முறுக்கினால் வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயை நினைத்து உடனே தனியே பிரியுங்கள். ஏழாம் நாள் சொட்டு மருந்து போட்டீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

தொப்புளில் தொங்கும் காய்ந்த நூலைப் பிடுங்காதீர்கள், குடலும் சேர்ந்து வரும். போவிடோன் அயோடின் தொட்டு வைத்தால் போதும். ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கிற குஞ்சை அவசரப்பட்டு உரித்து எடுக்காதீர்கள். அந்த மஞ்சள் கரு உள்ளே போவதற்குள் நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள்.

தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டு முட்டை பொரிக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மின்விசிறி உள்ள பெட்டியென்றால் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். 18ஆம் நாள் வரை முட்டையைத் தினமும் பலமுறை திருப்ப வேண்டும். வீடியோ எடுக்க இருக்கிற பொறுமையில் பாதி ஒரு நல்ல வெப்பமானி வாங்குவதில் இருந்தால், பாதிக் கோணல்களை நான் பார்க்கவே வேண்டியிருக்காது.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். நோஞ்சானை மற்றவை கொத்தும், அதனால் தடுத்து வையுங்கள். ஆனால் ஒற்றையாக வைத்தால் கத்தியே ஓய்ந்துபோகும், சாதுவான ஒன்றைத் துணைக்கு விடுங்கள். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குஞ்சை முத்தமிடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

குடல் வெளியே வந்தது, எழவே முடியாமல் துடிப்பது ஆகியவற்றை நாள் கணக்கில் வைத்துக்கொண்டு வேதனைப்படுத்தாதீர்கள். வலியில்லாமல் முடித்துக்கொடுப்பதும் எங்கள் வேலைதான்.

அலகு மட்டும் கத்தரிக்கோல்போல் குறுக்கே கோணியிருந்தால் பயப்படத் தேவையில்லை. அதை நேராக்க முடியாது, ஆனால் ஆழமான கிண்ணத்தில் ஈரத்தீனி வைத்தால் அள்ளித் தின்று வளர்ந்துவிடும். அது முட்டையிட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள், அடைக்கு மட்டும் வைக்காதீர்கள்.