சாலமாண்டர்: பல்லியும் அல்ல, நீரிலும் இல்லை

பெரிய ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர்களிடம் 'சாலமாண்டர்' என்றால் என்ன என்று கேளுங்கள். மேலிருந்து சூடு இறங்கும் அடுப்பு என்பார்கள். சீஸ் தூவிய ரொட்டியை அதனடியில் வைத்தால் சற்று நேரத்தில் மேற்பக்கம் பொன்னிறமாகிவிடும். ஈரத்திலேயே கிடக்கும் ஒரு பிராணியின் பெயர் அடுப்புக்குப் போனதற்குக் காரணம் ஒரு பழங்கதை.

மூலச் சொல் கிரேக்க மொழியின் 'சலமாந்த்ரா'. இந்தப் பிராணி தீக்குள் நடந்து தீயையே அணைத்துவிடும் என்ற பேச்சை அரிஸ்டாட்டிலே குறித்து வைத்திருக்கிறார். மட்கிய மரக்கட்டைக்குள் பதுங்கும் பழக்கம் அதற்கு உண்டு. கட்டையை அடுப்பில் போட்டதும் பதறி வெளியே ஓடியிருக்கும், பார்த்தவர்கள் தீயில் பிறந்தது என்று நினைத்திருப்பார்கள். தீப்பிடிக்காத கல்நார்த் துணியை இதன் கம்பளி என்றுகூட ஐரோப்பாவில் நம்பினார்கள். பிராணிக்கோ உடம்பில் ஒரு மயிர் கிடையாது!

தமிழில் என்ன சொல்வது? 'நீர்ப்பல்லி' என்று எழுதிவிடத் தோன்றும். தோற்றம் நம் அரணையைப் போலத்தான். ஆனால் அரணைக்குச் செதிலும் நகமும் உண்டு, இதற்கு இரண்டும் இல்லை. தோல் ஈரமாக, வழவழவென்று இருக்கும். முன்காலில் பெரும்பாலும் நான்கே விரல். தவளையின் உறவு இது, பல்லியின் உறவு அல்ல.

'நீர்' என்ற பாதியாவது பொருந்துமா என்று பார்க்க மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிக்காவின் முகில் காட்டுக்குப் போக வேண்டும். அங்கே வாழ்வது பொலிட்டோகுளோசா சப்பால்மேட்டா என்ற சாலமாண்டர் இனம். ('போலி' என்று நெடிலில் தொடங்கி எழுதாதீர்கள், தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும்.) பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'காளான் நாக்கு' என்று பொருள். நாக்கின் நுனி காளான் குடைபோல விரிந்திருக்கும், இரையைக் கண்டதும் விருட்டென்று வெளியே பாயும். 'சப்பால்மேட்டா' என்பது விரல்களிடையே ஓரளவு சவ்வு இருப்பதைக் குறிக்கும் லத்தீன். முதல் மாதிரி கிடைத்த இடத்தின் பெயரும் லா பால்மாதான், ஆனால் பெயர்க் காரணம் ஊர் அல்ல, பாதம்.

இதற்கு நுரையீரலே கிடையாது. மூச்சு முழுவதும் தோல் வழியாகவும் வாய்க்குள்ளிருக்கும் மென்தோல் வழியாகவும்தான். தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். ஆனாலும் குளத்தையோ ஓடையையோ தேடிப் போவதில்லை; முட்டை இடுவது நிலத்தில், குஞ்சு தலைப்பிரட்டையாகாமல் முட்டையிலிருந்தே தாயின் சிறு உருவத்தில் வெளிவருகிறது. வேண்டிய ஈரத்தை மலையை மூடும் மூடுபனி தருகிறது. ஆக 'நீர்ப்பல்லி'யில் நீரும் தவறு, பல்லியும் தவறு.

பனி எங்கே படிகிறதோ அங்கேதான் வாழ்க்கை என்பதால், ஒவ்வொரு மலைத்தொடரும் இதற்கு ஒரு தீவு மாதிரி. வகைப்பாட்டில் குழப்பம் வந்ததும் இதனால்தான். 1896இல் விலங்கியலாளர் பூலாஞ்சே இதற்குப் பெயரிட்டார். தெற்கே தலமன்கா மலைகளில் வாழ்வதை விலங்கியலாளர் எட்வர்ட் டெய்லர் 1952இல் 'பெஸ்ரூப்ரா', அதாவது செம்பாதம், என்று தனி இனமாக்கினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சப்பால்மேட்டாவிலேயே சேர்த்துவிட்டார்கள், பார்வைக்கு அவ்வளவு ஒற்றுமை. 2000இல் வெளியான மரபணு ஆய்வு இரண்டையும் மறுபடி பிரித்தது. இன்று சப்பால்மேட்டா என்றால் குவானகாஸ்தே, திலரான், மத்திய மலைத்தொடர்களில் இருப்பது மட்டுமே. தலமன்காவிலுள்ள, 'மரண மலை' என்று பெயர் பெற்ற செர்ரோ டி லா முவெர்த்தேயில் நடத்தி 1968இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் தலைப்பில் சப்பால்மேட்டா என்றுதான் இருக்கிறது. அங்கே உண்மையில் எண்ணப்பட்டது செம்பாதம். பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லுக்குத் திரும்புவோம். தென்னிந்தியாவிலோ இலங்கையிலோ சாலமாண்டர் வகை எதுவும் இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மலைகளிலும்தான் அதன் உறவினரைப் பார்க்கலாம். பார்த்துப் பழகாத பிராணிக்கு வழக்கில் பெயர் இருக்காதது இயல்புதான். என் கட்சி இது: பொதுப்பெயரைச் 'சாலமாண்டர்' என்றே வைத்துக்கொள்ளலாம். விலங்கியலில் இவை அடங்கும் 'வரிசை' என்ற பிரிவுக்கு 'வாலுடைய இருவாழ்விகள்' போதும், லத்தீன் பெயரான காடேட்டாவின் பொருளும் வாலுடையவை என்பதுதான். பொலிட்டோகுளோசாவுக்கு மட்டும் 'காளான்நாக்கன்' என்று தயங்காமல் எழுதலாம். சப்பால்மேட்டாவை 'குறுஞ்சவ்வுக் காளான்நாக்கன்' என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்குச் சற்று நீளம்தான்.