ஸ்டாக் கார், ஓப்பன் வீல்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கார் பந்தயங்களைப் பற்றித் தமிழில் தேடினால், ஸ்டாக் கார் பந்தயத்துக்கு ‘பங்கு கார் பந்தயம்’ என்றொரு தொடர் கண்ணில் படுகிறது. ஸ்டாக் என்றதும் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் வந்த பிழை. இந்தப் பந்தயத்துக்கும் பங்குக்கும் எந்த உறவும் இல்லை. சொல் தவறும்போது, அந்தப் பந்தயத்தை மக்கள் ஏன் கூடிப் பார்க்கிறார்கள் என்பதும் சேர்ந்து தொலைந்துபோகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றியது.

பழைய ஆங்கிலத்தில் ஸ்டாக் என்பது அடிமரம், மரக்கட்டை. அதிலிருந்து குலம், கால்நடை, வியாபாரத்தில் போட்ட பணம், கடையில் இருக்கும் சரக்கு என்று பல பொருள்கள் கிளைத்தன. நம் ‘முதல்’ என்ற சொல்லும் ஏறத்தாழ இதே வழியில் நடந்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. செடியின் அடியும் வேரும் முதல். கடை வைக்கப் போட்ட பணமும் முதல். அமெரிக்க ரயில்வேயில் ஸ்டாக் கார் என்றால் ஆடுமாடு ஏற்றும் பெட்டி. அங்கே எடுத்துக்கொண்டது கால்நடை என்ற பொருளை.

பந்தயத்தில் வருவது ‘கடைச் சரக்கு’ என்ற பொருள். ஷோரூமில் விற்பனைக்கு நிற்கும் காரை, எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டுவது. நம்மூர்ப் பைக் பிரியர்கள் ‘வண்டி ஸ்டாக் கண்டிஷன்ல இருக்கு’ என்று சொல்வது இதே பொருளில்தான். பட்டறையில் ‘கம்பெனி சைலன்சர்’ என்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது என்று அர்த்தம். அகராதிகள் தரும் ‘இருப்பு’, ‘கையிருப்பு’ இரண்டையும்விட இந்த ‘கம்பெனி’ பொருளுக்கு மிக நெருக்கமாக நிற்கிறது.

இந்தச் சொல்லுக்கு நிறுவனப் பெயரிலேயே இடம் கொடுத்தது நாஸ்கார் (National Association for Stock Car Auto Racing), அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் போலீஸிடமிருந்து தப்ப, பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் கார்களை உள்ளே முடுக்கிவிட்டு ஓட்டினார்கள். அந்த ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் மண் தடங்களில் போட்டியிட்டார்கள். சிதறிக் கிடந்த இந்தப் பந்தயங்களை ஒரு விதியின் கீழ் கொண்டுவர, பந்தய ஏற்பாட்டாளர் பில் ஃபிரான்ஸ் 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு கூட்டம் கூட்டினார். 1948இல் நாஸ்கார் பிறந்தது.

1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த பந்தயம், ‘முழுக்க முழுக்க ஸ்டாக்’ என்று பெயரிட்ட பிரிவின் முதல் போட்டி. முதலில் வந்தவர் கிளென் டனவே. ஆனால் சோதனையில் அவர் காரின் பின்பக்க ஸ்பிரிங்குகளில் கைவைத்திருப்பது தெரிந்தது. சாராயம் கடத்துபவர்களின் பழைய உத்தி அது. அவரைத் தகுதிநீக்கம் செய்து, லிங்கன் காரில் இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பரை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். டனவே ஓட்டிய காரின் உரிமையாளர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. ஒரு சொல்லின் பொருளைக் காக்க முதல் பந்தயத்தின் முடிவையே மாற்றியிருக்கிறார்கள்! இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பார்வையாளரை இழுத்ததும் இந்தப் பொருள்தான். தடத்தில் ஓடும் ஃபோர்டைப் போலவே ஒன்று அவர் வீட்டு வாசலிலும் நின்றது. ‘ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும்’ என்று கார் வியாபாரிகள் சொன்னார்கள். 1969இல் டாட்ஜ் நிறுவனம் பின்னால் உயரமான இறக்கை வைத்த சார்ஜர் டேடோனா காரைப் பந்தயத்துக்கென்றே வடிவமைத்தது. விதிப்படி அது கடைச் சரக்காகவும் இருக்க வேண்டுமே! அதனால் அந்த விசித்திர வடிவத்தில் 500க்கு மேற்பட்ட கார்களைச் செய்து பொதுமக்களுக்கு விற்றார்கள். அந்த ரகக் காரில்தான் 1970 மார்ச்சில் பட்டி பேக்கர், டல்லடேகா தடத்தில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார்.

இன்று நிலை வேறு. நாஸ்காரின் முதன்மைப் போட்டியில் ஓடுபவை பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்தவை. கேம்ரி, மஸ்டாங் என்ற பெயரும் முகச்சாயலும் மட்டுமே கடைக் காரிலிருந்து வந்தவை. அதனால் ‘உற்பத்திநிலைக் கார்’ என்று மொழிபெயர்த்தால் 1949க்குப் பொருந்தும், இன்றைக்குப் பொருந்தாது. என் பரிந்துரை ‘சாலைச்சாயல் கார்’. சாலையில் ஓடும் காரின் சாயல் கொண்டது என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. மாற்றம் செய்யாத நிலையைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ‘கம்பெனி நிலை’ என்று எழுதலாம்.

அடுத்தது ஓப்பன் வீல். ‘திறந்த சக்கரம்’ என்று எழுதுகிறார்கள். திறந்தது என்றால் முன்பு மூடியிருந்தது என்றாகிவிடும், கதவைத்தான் திறப்போம். இங்கே சக்கரத்தின் மேல் மட்கார்டே கிடையாது, சக்கரங்கள் உடற்பகுதிக்கு வெளியே நிற்கின்றன. ஓடாக் குதிரை, வாடா மலர் என்பதுபோல ‘மூடாச் சக்கரம்’ என்றால் கச்சிதமாக அமைகிறது. ஃபார்முலா 1 தொடர், அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் 500 பந்தயம் இரண்டிலும் ஓடுபவை மூடாச் சக்கரக் கார்கள்.

இவ்வளவு பெரிய வேறுபாடு ஒரு மட்கார்டிலா இருக்கிறது என்று கேட்கலாம். உண்மையில் அங்கேதான் இருக்கிறது. சக்கரம் மூடியிருப்பதால் சாலைச்சாயல் கார்கள் உரசலாம், இடிக்கலாம், முன்னால் போகும் காரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகலாம். மூடாச் சக்கரங்களில் அது நடக்காது. உருளும் சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கி எழுந்துகொண்டிருக்கும். பின்னால் வரும் காரின் முன்சக்கரம் அதைத் தொட்டால், அந்தக் காரையே அது தூக்கி எறிந்துவிடும். 2010இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஃபார்முலா 1 ஓட்டுநர் மார்க் வெப்பரின் கார் அப்படித்தான் காற்றில் எழுந்து தலைகீழாகப் புரண்டது. அவர் தப்பியது பெரும் பாக்கியம்.

ஆகவே பார்க்கும் சுவையும் இரண்டாகப் பிரிகிறது. நாஸ்கார் கார்கள் ஓடும் அமெரிக்காவின் பிரிஸ்டலில் அரை மைல் நீளத் தடம் கிண்ணம் போல இருக்கும்; எங்கே உட்கார்ந்தாலும் முழுப் பந்தயமும் கண்முன் ஓடும். யார் யாரை இடித்தார், யார் எந்தச் சுற்றில் கணக்குத் தீர்த்தார் என்று கதை கதையாகப் பின்தொடரலாம். 1979இல் நாஸ்காரின் டேடோனா 500 பந்தயத்தில் கடைசிச் சுற்றில் கேல் யார்பரோவும் டோனி ஆலிசனும் மோதி நின்றார்கள், ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார், பின் மைதானத்திலேயே கைகலப்பு. பந்தயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டியிருந்தார்கள். கிழக்குப் பகுதியில் பனிப்புயல் அடித்ததால் ஏராளமானோர் வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்தார்கள். பலர் நாஸ்காரின் ரசிகர்களானது அன்றைக்குத்தான்.

மூடாச் சக்கரக் காரின் சுவை நுட்பத்தில் இருக்கிறது. எடையில் அது சாலைச்சாயல் காரில் ஏறக்குறைய பாதிதான். 1996இல் இண்டியானபோலிஸில் ஆரி லயண்டைக் நான்கு சுற்றுகளைச் சராசரியாக மணிக்கு 236.986 மைல் வேகத்தில் ஓட்டினார், ஏறத்தாழ 381 கிலோமீட்டர். சக்கரம் திரும்புவதையும் ஓட்டுநரின் தலைக்கவசம் குலுங்குவதையும் நேரில் காணலாம். இரண்டு கார்கள் தொடாமல் சாண் இடைவெளியில் ஒன்றையொன்று கடக்கும்போது மூச்சு நின்றுவிடும். ஆனால் ஃபார்முலா 1இன் நீண்ட வளைவுத் தடங்களில் உங்கள் இருக்கையிலிருந்து ஓரிரு திருப்பங்கள்தான் தெரியும். கார் கண நேரத்தில் மறையும், மீதியைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். முதல்முறை பந்தயம் பார்க்கப் போகிறவரிடம் சாலைச்சாயல் பந்தயத்துக்கே போகச் சொல்வேன். ஓட்டும் கலையில் மனம் தோய்ந்தவர் மூடாச் சக்கரத்தை விடமாட்டார். நானும் அந்தப் பக்கம்தான்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்த தமிழர் ஒருவர் உண்டு: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் என்ற ஃபார்முலா 1 அணியின் மூடாச் சக்கரக் காரில் இண்டியானபோலிஸில் நான்காவதாக வந்தார். டயர் சிக்கலால் ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது. 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டி, அந்த ஆண்டு ரசிகர்கள் மிகவும் விரும்பிய ஓட்டுநர் என்ற விருதும் பெற்றார். அங்கே அவர் ஓட்டியது கார் அல்ல, பிக்-அப் வண்டி. ஸ்டாக் கார் என்று எழுதினால் அந்த இடத்தில் இடறும். ‘சாலைச்சாயல் பிக்-அப்’ என்றால் இடறாது.