சொல் விளக்கம்: ஒருசந்தி

மட்டக்களப்பில் சந்தி என்றால் தெருச்சந்திதான். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும்போது “புதன்கிழமை ஒருசந்தி” என்று கத்தோலிக்கக் கோயிலில் அறிவித்தால், மறைக்கல்விப் பிள்ளைகள் “எந்தச் சந்தி?” என்று கேட்பதில் பிழையில்லை. சொல் ஒன்றுதான். வடமொழியிலிருந்து வந்த சந்திக்குச் சேருமிடம் என்பது பொருள். தெருக்கள் சேரும் இடம் போலவே பொழுதுகள் சேரும் நேரமும் சந்தி. சைவக் கோயில்களின் காலைச்சந்திப் பூசை இந்தப் பொருளில் வந்ததே. ஒரு சந்தியில் மட்டும் உண்டு மற்றச் சந்திகளை விடுவது ஒருசந்தி. சைவர்களின் ‘ஒருபொழுது’ம் இதுவே. கத்தோலிக்கர் தங்களுக்கென்று புதிதாக ஆக்கிய சொல் அல்ல.

சொல் ‘ஒன்று’ என்கிறது, சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. பாப்பரசர் ஆறாம் பவுல் 1966 இல் ஒழுங்குபடுத்தியபடி, முழுச்சாப்பாடு ஒன்று. காலையிலும் மாலையிலும் சிறிதளவு உண்ணலாம். அந்தச் சிறிதளவு எவ்வளவு என்பதை ஊர் வழக்கத்துக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு சிறு வேளையும் சேர்ந்து ஒரு முழுச்சாப்பாட்டை எட்டக்கூடாது என்பது வழமையான கணக்கு. நம் அடுக்களையில் அது இப்படி வரும்: காலையில் பிளேன்ரீயும் இரண்டு துண்டுப் பாணும், மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு கறி, சொதி, இரவு ஒரு ரொட்டி, அல்லது அரைக் கோப்பை இலைக்கஞ்சி. தண்ணீருக்குத் தடை இல்லை.

கட்டாய ஒருசந்தி வருடத்தில் இரண்டே நாள்: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும், இயேசுவின் சிலுவை மரணத்தை நினைக்கும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு இது கடமை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் விலக்கு. கடும் உடலுழைப்பையும் பழைய அறநெறி ஆசிரியர்கள் விலக்காகவே எடுத்தார்கள். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு நடக்கும் நம் பகுதியில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வெயிலில் வயலில் மயங்கி விழுவது தவம் அல்ல. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் காலைச் சாப்பாட்டை விடுவதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் சுத்தபோசனம். ஒருசந்தி எத்தனை வேளை என்று சொல்கிறது. சுத்தபோசனம் எதை விலக்குவது என்று சொல்கிறது. 14 வயது நிறைந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை. மீன், முட்டை, பால் விலக்கப்படவில்லை. இங்கேதான் மட்டக்களப்புத் தமிழ் குறுக்கே நிற்கிறது. மச்சம் என்றால் மூலத்தில் மீன். ஈழத்துப் பேச்சிலோ இறைச்சி, மீன், முட்டை எல்லாமே மச்சம். “தவக்காலத்தில் மச்சம் இல்லை” என்று ஒரு வீடு முடிவெடுத்தால், திருச்சபை கேட்டதைவிடப் பல மடங்கு கூட்டி எடுத்துவிட்டது என்று அர்த்தம். விரும்பி எடுத்தால் நல்லது. ஆனால் அதைச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் கிழமையில் ஒரு மீன்குழம்போடு “எல்லாம் போச்சு” என்று கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெள்ளிக்கிழமை வாவி இறாலும் நண்டுப் பிரட்டலும் வைத்துவிட்டுச் சுத்தபோசனம் என்பது. சட்டம் மீறப்படவில்லை, உண்மை. கோழிக்கறியைவிட அது விலை கூடிய சாப்பாடு என்பதும் உண்மை.

இன்றைய கத்தோலிக்கத் தமிழில் ஒருசந்தியின் இடத்தை ‘நோன்பு’ பிடித்திருக்கிறது. நல்ல தமிழ்ச் சொல். நோல் என்ற வேர், பொறுத்தல் என்ற பொருள். “உண்ணாது நோற்பார் பெரியர்” என்று தொடங்கும் குறள் (160), பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவரை அவர்களுக்கும் மேலே வைக்கிறது. கறியை விட்டுவிட்டு மாமியாரோடு சண்டையை விடாதவர்களுக்கு இந்தக் குறள் போதும். ஆனால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு என்றால் ரமழான் நோன்பு: விடியல் முதல் பொழுது சாயும்வரை தண்ணீரும் இல்லை. 2025 இலும் 2026 இலும் தவக்காலமும் ரமழானும் ஏறக்குறைய ஒரே கிழமையில் தொடங்கின, குழப்பமும் கூடவே வந்தது. புரட்டஸ்தாந்து வேதாகமத்தின் ‘உபவாசம்’ வேறு திசையில் போகிறது. உப, வாசம்: அருகே இருத்தல். அதில் சாப்பாட்டுக் கணக்கே இல்லை. மெதடிஸ்த சபையாரின் ‘லெந்து நாட்கள்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. மூலத்தில் அதற்கு வசந்தகாலம் என்பதே பொருள்.

எங்கள் பரிந்துரை: நாற்பது நாள் முயற்சி முழுவதையும் குறிக்க நோன்பு; சாப்பாட்டு ஒழுங்கைக் குறிக்க ஒருசந்தி. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘ஒருவேளை உணவு’ என்று எழுதலாம், பொருள் கெடாது. ‘உண்ணாநோன்பு’ என்று எழுதினால் கெடும், அது உண்ணாவிரதம்.

கட்டாயத்துக்கு மேலே விரும்பி ஒருசந்தி எடுப்பவர்கள் புதனும் வெள்ளியும் என்று இரண்டு நாளில் தொடங்குவது நிலைக்கும். நாற்பது நாளும் என்று தொடங்குபவர் பெரும்பாலும் பகலில் ஐந்தாறு முறை சீனி போட்ட தேநீரில் ஓட்டி, இரவில் இரண்டு வேளைச் சோற்றை ஒன்றாகச் சாப்பிட்டு, வயிறு ஊதிப் படுக்கிறார். அதற்குப் பெயர் நேரம் மாற்றிய சாப்பாடு. ஞாயிறு கணக்கில் இல்லை: திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள், ஆறு ஞாயிறு போக நாற்பது. ஒரு வெள்ளி தவறிப்போனால் அடுத்த வெள்ளியை இரட்டிப்பாக்க வேண்டாம். சனிக்கிழமை அந்த ஒன்றை மட்டும் இருந்து கணக்கை முடிக்கலாம்.

திருச்சபை நாட்காட்டியின் மிக உயர்ந்த நிலை விழாவான பெருவிழா வெள்ளியில் வந்தால் சுத்தபோசனக் கடமை விலகும். 2027 இல் புனித சூசையப்பர் பெருவிழா, மார்ச் 19, தவக்கால வெள்ளியில்தான் வருகிறது. அன்று இறைச்சி சமைக்கலாம்.