ஆங்கிலத்தின் 'இட் இஸ்' எங்கே 'இட்ஸ்' என்று சுருங்கும், எங்கே சுருங்காது

2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், கப்பல்களுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி செங்குத்தாக மேலே உயர்கிறது. அது இப்போது உயர்ந்திருக்கிறதா என்று ஒரு பயணி ஆங்கிலத்தில் கேட்கும்போது, வழிகாட்டும் இளைஞர் 'யெஸ், இட்ஸ்' என்று நிறுத்திவிட்டால், கேட்டவர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். 'யெஸ், இட் இஸ்' என்றால்தான் விடை முடியும். ஆனால் 'நோ, இட்ஸ் நாட்' என்பதில் எந்தக் குறையும் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அழுத்தம். ஆங்கில வாக்கியத்தில் 'இஸ்' பெரும்பாலும் அழுத்தமின்றி ஒலிப்பதால், அதன் உயிரொலி தேய்ந்து மறைய, எஞ்சிய மெய்யொலி முன்னுள்ள 'இட்' மீது சாய்ந்துகொள்கிறது. பின்னால் வரவேண்டிய சொல் விடுபட்டு 'இஸ்' கடைசியில் நிற்கும்போதோ உயிரொலி தேய இடமில்லை. 'இட்ஸ் நாட்' என்பதில் அழுத்தத்தை 'நாட்' ஏற்றுக்கொள்கிறது; 'யெஸ், ஐ ஆம்' என்பதைச் சுருக்க முடியாததும் இதனால்தான்.

இராமநாதபுரத்துப் பேச்சிலும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று குறுகுகிறது. அந்தக் குறுக்கம் வாக்கியத்தின் கடைசியிலேயே நிகழ்வதால், ஆங்கிலத்திலும் அங்கே சுருக்குவது நமக்கு இயல்பாகப்படுகிறது என்று நினைக்கிறேன்.

'இட்ஸ்' என்பது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கமாகவும் வரும். மழை பெய்துகொண்டிருந்தால் 'இட்ஸ் ரெய்னிங்', அங்கே மறைந்திருப்பது 'இஸ்'. மழை விட்டிருந்தால் 'இட்ஸ் ஸ்டாப்ட் ரெய்னிங்', அங்கே மறைந்திருப்பது 'ஹேஸ்'. பின்வரும் வினைச்சொல்லே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' வேறு சொல்; காதுக்கு வேறுபாடு தெரியாது, எழுத்தில் மட்டும் அபாஸ்ட்ரபி என்னும் மேற்குறி அதற்கு இல்லை. அந்தச் சொல் ஏறத்தாழ 1600-ஐ ஒட்டி எழுத்து வழக்கில் நுழைந்தது. அதற்கு முன் அஃறிணைக்கும் 'ஹிஸ்' என்றே பெரும்பாலும் எழுதினர். 18-ஆம் நூற்றாண்டிலும்கூட உடைமைச் சொல்லுக்கு மேற்குறி இட்டவர்கள் இருந்தார்கள்; ஆகவே இன்று தடுமாறும் மாணவரை அறியாதவர் என்று கண்டிப்பது நியாயமாகாது. அவருக்கு ஒரு சோதனை போதும்: அந்த இடத்தில் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படித்துப் பொருள் பொருந்தினால் மேற்குறி இடவேண்டும், பொருந்தாவிட்டால் இடக்கூடாது.