லெக் வைஸுக்கு எதற்குக் கால்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "காயலான் கடையில் ஒரு பழைய லெக் வைஸ் கிடைத்தது, 30 கிலோ இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்னதாகக் கொல்லுப்பட்டறை போடுகிறேன். மேஜையில் நாலு போல்ட் போட்டு இறுக்கினால் போதாதா? கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காலை அறுத்துவிடலாமா?"

ஐயா, அறுத்துவிடாதீர்கள். லெக் வைஸ் என்றால் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பிடிகருவி, தரைவரை நீளும் ஒரு காலோடு வருவது. அந்த வைஸில் உள்ள அறிவெல்லாம் அந்தக் காலில்தான் இருக்கிறது.

நானும் முதலில் அதை மேஜையில்தான் மாட்டினேன். காலுக்குக் கீழே ஒன்றும் வைக்கவில்லை, அது தரைக்கு நாலு விரல் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரத்தில் பலகையில் போல்ட் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. ஒருநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்துப் பலகையில் தூவிவிட்டு, வைஸில் பிடித்திருந்த கம்பியின் தலையில் ஓங்கி அடித்துப் பார்த்தேன். சூடான எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி மணல் துள்ளியது. ஒவ்வொரு அடிக்கும் மேஜை முழுக்க அதிர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஒரு அடியில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குத்தான். 1 கிலோ சுத்தியல் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. பழுத்த இரும்பு 3 மி.மீ. நசுங்கி அதை நிறுத்துகிறது. 6-இலிருந்து சுழிக்கு வருவதால் சராசரி வேகம் 3 மீட்டர், அப்படியென்றால் அந்த 3 மி.மீ. தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடி. அந்த ஒரு மில்லி விநாடியில் இறங்கும் விசை 6,000 நியூட்டன். கிட்டத்தட்ட 600 கிலோ பாரத்தை ஏற்றி உடனே எடுத்ததற்குச் சமம்.

கால் தொங்கிக்கொண்டிருந்தால் இதைத் தாங்குவது வைஸின் 30 கிலோ எடையும் மேஜைப் பலகையும்தான். வைஸ் விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் கீழே போகப் பார்க்கும், பலகை வளைந்து அதைப் பிடித்து நிறுத்தும், பிறகு ஸ்பிரிங் மாதிரி மேலே தள்ளும். இதில் வீணாகும் ஆற்றல் சொற்பம், முப்பதில் ஒரு பங்கு இருக்கும். தொல்லை கொடுப்பது அந்த ஏற்ற இறக்கம். நூறு அடிக்கு நூறு முறை மேஜை ஆடும்போது எந்த போல்ட்தான் தளராமல் நிற்கும்?

இப்போது கால் தரையில் ஊன்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அடி விழுந்ததும் இரும்புக்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. இரும்பில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர். கம்பியைக் கவ்வும் தாடையிலிருந்து கால் நுனிவரை ஒரு மீட்டர் என்றால், போய்ச்சேர 0.2 மில்லி விநாடி போதும். சுத்தியல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு மில்லி விநாடிக்குள் அலை தரைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய் வந்துவிடும். அதாவது சுத்தியல் இன்னும் கம்பியைவிட்டு எழவே இல்லை, அதற்குள் தரைக்குச் சேதி போய்விட்டது, தரையும் சேர்ந்து தாங்க ஆரம்பித்துவிட்டது. 30 கிலோ வைஸுக்குப் பின்னால் பூமியே முட்டுக்கொடுத்து நிற்கிறது.

நம் வீடுகளில் இது தெரிந்த சமாசாரம்தான். உரலை யாராவது மேஜைமேல் வைத்து இடிப்பார்களா? அதனால்தான் என் வைஸுக்கும் ஒரு கல் உரலையே அடியில் வைத்தேன். மிக்ஸி வந்தபிறகு கிணற்றடியில் சும்மா கிடந்த உரல் அது. கடற்கரைப் பக்கம் மண் பொலபொலவென்று இருக்கும், காலை நேராக ஊன்றினால் மாதத்துக்கு ஓர் அங்குலம் இறங்கிவிடும். ஆகவே 60 செ.மீ. சதுரத்தில் 45 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அடிமண்ணைத் திம்ஸுக் கட்டையால் நன்றாக இடித்து, நடுவில் உரலை இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் போட்டேன். எல்லாம் சேர்ந்து 400 கிலோவை ஒட்டி வரும். உரல் குழியின் அடியில் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் காலின் நுனி, சுற்றியுள்ள இடைவெளியில் சிமென்ட் கலவை. கான்கிரீட்டுக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு மணல் நிரப்பிவிடுங்கள், அதிர்வு சுவருக்கு அவ்வளவாகப் போகாது.

சரி, மேலிருந்து விழும் அடிக்குத் தரை இருக்கிறது. ஆனால் வைஸில் நாம் அதிகம் செய்வது கம்பியைப் பக்கவாட்டில் அடித்து வளைப்பது. காலை அறுத்துவிட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். போல்ட் போட்ட இடத்துக்கு 20 செ.மீ. மேலே அதே 600 கிலோ விசை பக்கவாட்டில் விழுகிறது. போல்ட்டுகள் 15 செ.மீ. இடைவெளியில் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி ஒரு பக்கத்து போல்ட்டுகளை 800 கிலோ விசை மேலே பிடுங்கும். மரப்பலகை எத்தனை நாள் தாங்கும்? கால் இருந்து, அதன் நுனி 80 செ.மீ. கீழே உரல் குழிக்குள் அசையாமல் இருந்தால் அங்கே வருவது வெறும் 150 கிலோ. நெம்புகோலின் ஒரு கை நீண்டதால் கிடைத்த லாபம்.

ஆனால் வைஸை மேஜையோடு பிணைக்கும் மேல் பிடிக்கு 750 கிலோ வரும், அதை மறக்கக் கூடாது. அதனால் பிடியை மேஜைப் பலகையோடு நிறுத்தாமல் தரையில் நட்ட கனமான மரத்தூணோடு கட்டுங்கள். என்னுடையது பண்ருட்டிப் பக்கம் 2011 தானே புயலில் சாய்ந்த பலா, பல வருஷம் காய்ந்த கட்டை. பழைய வைஸ்களில் வளைந்த இரும்புப் பட்டையும் ஆப்பும் வைத்து இறுக்கியிருப்பார்கள், அதை மாற்றாதீர்கள். ஐப்பசியில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும், அப்போது ஆப்பை ஒரு தட்டு தட்டினால் மறுபடி இறுகிவிடும்.

உயரம்: நின்றபடி முழங்கையை மடக்கினால் தாடையின் மேல்விளிம்பு அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். கால் நீளமாக இருந்தால் உரலை அதற்கேற்பக் கீழே இறக்குங்கள், காலில் கை வைக்க வேண்டாம்.

உங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் உலையை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், வைக்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கடலூரில் கடல் கிழக்கே இருக்கிறது. பகலில் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். தென்கிழக்கு மூலையில் உலை மூட்டினால் புகை முழுக்கக் கொட்டகை வழியாக உங்கள் முகத்துக்குத்தான் வரும். மேற்கு ஓரத்தில் வையுங்கள், அங்கேயிருந்து இரண்டு எட்டில் வைஸ் இருக்கட்டும். கம்பி நொடிக்கு நொடி ஆறிக்கொண்டிருக்கிறது, அதற்கு மூலை தெரியாது.

கான்கிரீட் போட்டபிறகு குறைந்தது 7 நாள் சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள், 28 நாள் கழித்து வைஸை ஏற்றுங்கள். அதுவரை திருகைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மரைக்குள் இறுகிப்போன பழைய கிரீஸைப் பித்தளைப் பிரஷால் தேய்த்து எடுங்கள். உப்புக்காற்று படும் ஊர், புது கிரீஸ் தடவாமல் ஒரு ராத்திரிகூட வெளியே வைக்காதீர்கள்.